முனியறைகளுக்குப் பட்டா எழுதுவோர்

முல்லைப் பெரியாறு அணை செய்தியில் அடிபடும்போதும், மங்கலதேவி மலையின் கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவன்று ஒரு நாள் திறக்கப்படும்போதும், இரண்டு வரைபடங்கள் தவறாமல் சுற்றுக்கு வருகின்றன. ஒன்றில் தேவிகுளமும் பீர்மேடும் உடும்பஞ்சோலையும் சித்தூரும் ‘இழந்த தமிழ் நிலம்’. மற்றொன்றில் அதே ஊர்கள் ‘தொன்மைக் கேரளம்’. அங்கு வாழும் தமிழர் தேயிலைக்காக நேற்று வந்த கூலிகள். முதல் வரைபடத்தைப் பகிர்வோர் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். இரண்டாவதைப் பகிர்வோர் பெருமாள்களின் கல்வெட்டுகளைக் காட்டுகின்றனர். இரு தரப்பிலும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் உள்ளனர் என்பதே கவலைக்குரியது.

இவ்விரு வரைபடங்களும் ஒரே பிழையின் இரு படிகள். இன்றைய இரண்டு மொழிப்பெயர்களை இரும்புக்காலம் வரை பின்னோக்கி இழுத்துச் செல்வது. அங்கே ஆயத்தமாக நிற்கும் ஓர் இனத்தைக் கண்டெடுப்பது. அவ்வினத்தின் பெயரில் இன்றைய நிலத்துக்குப் பட்டா எழுதுவது. பாலக்காட்டு, இடுக்கி எல்லைப்புறத்தின் உண்மையான வரலாறு இம்மூன்று படிகளில் ஒன்றையும் தாங்காது.

1. கல்லும் நீரும்

மறையூர், காந்தளூர் பகுதியில் கிடைக்கும் கல்திட்டைகளை மக்கள் முனியறை என்கின்றனர். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் இட்ட ஈமச்சின்னங்கள் இவை. தென்னிந்தியாவின் இத்தகைய பெருங்கற்காலச் சின்னங்கள் பெரும்பாலும் பொ.ஆ.மு. முதல் ஆயிரத்தாண்டையும் அதை ஒட்டிய நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை என மதிப்பிடப்படுகின்றன. ஊர்க்கதையோ இவற்றை வனவாசத்துப் பாண்டவரோடு இணைக்கிறது. அக்கதையைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்கள், ‘இவை தமிழர் கட்டியவை’, ‘இவை ஆதிக் கேரளர் கட்டியவை’ என்ற கூற்றுகளைக் கேட்டுச் சிரிப்பதில்லை. சான்றின் அடிப்படையில் மூன்றும் ஒரே தரத்தவை. இக்கல்திட்டைகளில் எழுத்தில்லை. எழுத்தில்லாத ஈமச்சின்னம் அதைக் கட்டியவரின் மொழியைச் சொல்லாது. இதே வகைச் சின்னங்கள் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பரவியுள்ளன. கட்டுமான மரபின் எல்லையும் மொழியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

நிலவியல் இன்னும் கறாரானது. மறையூர்ப் பள்ளத்தாக்கின் பாம்பாறு கேரளத்தில் தோன்றிக் கிழக்கே ஓடுகிறது. அது அமராவதியில் சேர்ந்து கரூர் வழியே காவிரியை அடைகிறது. ஆனைமலையில் தோன்றும் ஆழியாறோ தமிழ்நாட்டிலிருந்து மேற்கே திரும்பி, சித்தூர்ப் பகுதி வழியாகப் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலடைகிறது. மலைமுகடு நீரைப் பிரிக்கும், நீர் நாட்டைப் பிரிக்கும், நாடு இனத்தைப் பிரிக்கும் என்ற பள்ளிப் புத்தகத் தருக்கம் இங்கே முதல் அடியிலேயே கவிழ்கிறது.

2. கணவாயின் சேரர்

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாயில் பாலக்காட்டுக் கணவாய். முசிறித் துறைக்கு வந்த உரோமப் பொன்னும் வெள்ளியும் அவ்வழியே கிழக்கே சென்றன. அக்காசுகள் திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும் கிடைத்தன, கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும் கிடைத்தன. நொய்யல் கரையின் கொடுமணலில் மணிக்கல் தொழிலும் இரும்புத் தொழிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. தமிழ் பிராமி பொறித்த ஓடுகள் கணவாய்க்கு மேற்கே பட்டணம் அகழாய்விலும் கிடைத்தன.

கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு சமண முனிவருக்கு அமைத்துக் கொடுத்த படுக்கையின் மீது சேரர் மூன்று தலைமுறையின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன: ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. சேரர் காசுகள் கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலேயே கிடைத்தன. சேரர் கேரளத்தவர் எனில் அவர்களுடைய தலையாய கல்வெட்டு ஏன் கொங்கில் உள்ளது? சேரர் இன்றைய பொருளில் தமிழ்நாட்டவர் எனில் அவர்களுடைய தலையாய துறைமுகம் ஏன் பெரியாற்றின் முகத்தில் உள்ளது? வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்று சென்ற நூற்றாண்டு முழுவதும் நடந்த சண்டை இக்கேள்விகளில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கேட்டதால் விளைந்தது. அவ்வரசு கணவாயின் இரு வாய்களையும் பிடித்திருந்த அரசு. அதன் செல்வம் கடந்து செல்வதில் இருந்தது. இன்று வாளையாறு சோதனைச் சாவடி நிற்கும் இடம் அதற்கு எல்லையாக இருந்ததில்லை; நடுவழியாக இருந்தது.

3. மொழியின் சாட்சியம்

இங்கே மொழியியலாளர்க்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. ஏனெனில் இரு தரப்பும் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்துவது மொழியியலைத்தான்.

‘மலையாளம் தமிழின் மகள்’ என்று ஒரு தரப்பு. ‘மலையாளம் மூலத் திராவிடத்திலிருந்து நேரே பிரிந்தது, தமிழோடு அதற்குத் தனி உறவில்லை’ என்று மறு தரப்பு. முதல் கூற்று 1856இல் கால்டுவெல் எழுதியதன் தேய்ந்த வடிவம். இரண்டாவது, செம்மொழித் தகுதிக்கு 1,500 முதல் 2,000 ஆண்டுப் பழமை வேண்டும் என்று நடுவண் அரசு விதித்த பின் சூடு பிடித்தது. தமிழ் 2004இலும் மலையாளம் 2013இலும் அத்தகுதியைப் பெற்றன. பழமை அரசாங்கக் கருவூலத்தில் மாற்றத்தக்க நாணயமானதும் எல்லோரும் அதை அச்சடிக்கத் தொடங்கினர்.

ஒப்பியல் மொழியியல் கூறுவது வேறு. இரண்டு மொழிகளுக்கும் ஒரு பொது முந்தைய நிலை இருந்தது. அதிலிருந்து இரண்டும் விலகின. விலகும்போது ஒவ்வொன்றும் சிலவற்றைக் காத்தது, சிலவற்றை மாற்றியது. சங்க நூலின் ‘ஞெண்டு’ இன்றைய தமிழில் ‘நண்டு’ ஆயிற்று. மலையாளத்தின் ‘ஞண்டு’ அந்த ஞகரத்தைக் காத்தது. தமிழ்ப் பேச்சில் ‘இலை’ என்பது ‘எல’ என முதலுயிர் திரிந்தது. மலையாளத்தின் ‘இல’ அந்த இகரத்தைக் காத்து ஈற்று ஐகாரத்தை விட்டது. ‘வந்தான், வந்தாள்’ என்னும் விகுதிகளைத் தமிழ் காத்தது. மலையாளம் அவற்றை உதிர்த்து ‘வந்நு’ என ஒன்றாக்கியது. இத்தகைய கணக்கில் தாயும் இல்லை, மகளும் இல்லை. உடன்பிறந்தார் இருவர் பாகப் பிரிவினைக்குப் பின் வைத்துக்கொண்ட பாத்திரங்கள் உள்ளன.

பிரிவினை எப்போது நடந்தது? ஒரு நாளில் நடக்கவில்லை. பொ.ஆ. 830ஐ ஒட்டிய வாழப்பள்ளிச் செப்பேட்டை மலையாளத்தின் முதல் ஆவணம் என்று கேரளப் பாடநூல் கற்பிக்கிறது. தமிழ்க் கல்வெட்டறிஞர் அதைத் தமிழாவணமாகப் படிக்கின்றனர். வட்டெழுத்தில் எழுதிய அந்த எழுத்தனுக்கு இக்கேள்வியே விளங்கியிராது. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். தொலைவிலிருந்து வந்தவரைச் சாட்சியாக ஏற்ற நாடு அது; அவர்களிடம் பூர்விகம் கேட்டதாக அச்செப்பேட்டில் வரியில்லை.

தொல்காப்பிய உரையாசிரியர்கள் குட்டநாட்டையும் குடநாட்டையும் திசைச்சொல் வழங்கும் நிலங்களுள் வைத்தனர். 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம், மணிப்பிரவாளத்துக்குச் சமஸ்கிருதத்தில் எழுந்த இலக்கணம், கேரளப் பேச்சைத் தமிழ் என்ற பெயராலேயே சுட்டுகிறது. அதே நூல் பாண்டிய, சோழ நாட்டார் பேச்சிலிருந்து அது வேறுபடும் இடங்களையும் எடுத்துக்காட்டுகிறது. பெயர் ஒன்று, வேற்றுமை உணர்வு கூர்மையானது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தன் மொழியைப் போர்த்துக்கீசியத்தில் ‘மலபார்த் தமிழ்’ என்றே குறித்தது. ‘தமிழ்’ என்ற சொல் வந்த இடமெல்லாம் இன்றைய தமிழ்நாட்டின் உரிமைப் பத்திரம் எனக் கொள்வது, ‘மலையாளம்’ என்ற சொல் நெடுங்காலம் ஒரு நிலத்தின் பெயராகவே வழங்கியதை மறந்து அதை ஓர் இனத்தின் பெயராகப் படிப்பதற்கு ஒப்பானது.

இந்த இருவர் சண்டையில் மூன்றாமவர் காணாமல் போகின்றனர். நீலகிரியிலும் அட்டப்பாடியிலும் பேசப்படும் இருளர் மொழியைக் கமில் சுவெலபில் 1970களில் விரிவாக ஆய்ந்து அதன் தனித்தன்மையை நிறுவினார். அம்மொழியைத் தமிழின் கொச்சை என ஒரு மாநிலமும் மலையாளத்தின் கொச்சை என மற்றொரு மாநிலமும் இன்றும் நடத்துகின்றன. முதுகர், முதுவர், மன்னான், காடர் ஆகியோரின் பேச்சுகளும் இதே நிலையில்தான் உள்ளன. எல்லைப்புறத்தின் தொன்மையைப் பற்றி முழங்கும் இரு தரப்புக்கும் அத்தொன்மைக்கு நெருக்கமான மொழிகளைப் படிக்க நேரமில்லை.

4. ‘பாண்டி’ என்னும் சொல்

சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கொங்கன் படை என்னும் விழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு அரசனை விரட்டிய நினைவு அது. அதைத் தமிழர்மீது மலையாளிகள் கொண்ட வெற்றி என இன்று சிலர் எழுதுகின்றனர். விழாவின் பெயரைக் கவனித்தாலே போதும். அதில் பகைவன் கொங்கன். தமிழன் என்று அவனுக்குப் பெயரில்லை. நடுக்காலத்தவர்க்கு நாடும் அரசும் பகையாயின. மொழி பகையாவதற்கு அச்சகமும் மக்கள்தொகைக் கணக்கும் தேர்தலும் வர வேண்டியிருந்தது.

‘பாண்டி’ என்ற சொல்லின் வாழ்க்கை இன்னும் விசித்திரமானது. கேரளத்தில் அது தமிழரை இழித்துரைக்கும் சொல். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை பள்ளியில் முதலில் கற்கும் மலையாளச் சொற்களுள் அது ஒன்று. ஆயின் பூஞ்ஞாறு அரசகுடி தன்னை மதுரைப் பாண்டியர் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது; பந்தளம் அரசகுடியும் அவ்வாறே. கண்ணன் தேவன் மலைகளை 1877இல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தது அந்தப் பூஞ்ஞாறு அரசகுடிதான். மலையை எழுதிக் கொடுத்தவரின் பாண்டிய மரபு பெருமை. அம்மலையில் கொழுந்து கிள்ள வந்தவரின் பாண்டி மரபு இழிவு. இவ்வேறுபாட்டை எந்தத் தொல்லியலும் விளக்காது. கூலிப் பதிவேடு விளக்கும்.

முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறி வந்ததாகச் சொல்கின்றனர். மன்னான் மக்களின் மரபும் பாண்டிய நாட்டையே பிறப்பிடமாகச் சுட்டுகிறது. கோவில்மலையில் இன்றும் அவர்களுக்கு அரசர் உண்டு. அஞ்சுநாட்டு ஊர்களின் கதையும் கிழக்கிலிருந்து வந்த கதையே. இவர்களை எவரும் வந்தேறி என்பதில்லை, என்னக் கூடாது. ஆக, வந்தது குற்றமாக எண்ணப்படுவதில்லை. 1950களின் நடுவில் பட்டம் தாணு பிள்ளை அரசு குடியேற்றத் திட்டம் வகுத்துத் திருவிதாங்கூரின் தாழ்நிலத்திலிருந்து உழவர்களை இம்மலைக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்குக் ‘குடியேற்ற உழவர்’ என்ற மதிப்பான பெயர் கிடைத்தது. அதற்கு முன்பே கிழக்கிலிருந்து வந்து காட்டைத் தோட்டமாக்கியவரோ ‘வரத்தன்’. மேற்கிலிருந்து ஏறியது வரலாறு, கிழக்கிலிருந்து ஏறியது ஊடுருவல் என்ற இந்தக் கணக்கை எந்த ஆய்வு முறையியல் ஏற்கும்?

தமிழ்நாட்டுத் தரப்பு இங்கே கைதட்ட வேண்டியதில்லை. மலையாளத்தின் ‘வரத்தன்’, தமிழின் ‘வந்தேறி’ இரண்டும் ‘வரு’ என்னும் ஒரே வினையின் மக்கள். தேவிகுளத்துத் தமிழரை வரத்தன் என்றால் கொதிக்கும் அதே நாக்குகள், தமிழ்நாட்டில் பல நூற்றாண்டாக வாழும் தெலுங்கு, கன்னட மொழியினரை வந்தேறி என்று ஒவ்வொரு தேர்தலிலும் பட்டியலிடுகின்றன.

5. ஓர் அயல் பாடம்

இனத்தின் தோற்றக்கதையை அதிகம் ஆராய்ந்து, அதிகம் தடுமாறி, ஓரளவு தெளிந்த நாடு இங்கிலாந்து. அங்குள்ள ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர் எவரும் ஆங்கிலேயர் அல்லர். அக்கற்கள் நின்று இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் கடந்த பின்னரே ஆங்கில மொழி அத்தீவில் கேட்கத் தொடங்கியது. பீடு என்னும் துறவி 731இல் முடித்த வரலாற்றில், ஆங்கிலர், சாக்சானியர், சூட்டர் ஆகியோர் கடல் கடந்து வந்த செய்தியே ஆங்கில இனத்தின் தொடக்கம். அதாவது ஆங்கிலேயர் தம் தோற்றக்கதையிலேயே வந்தேறிகள். 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலர் அவ்வருகையை ஓர் இனம் மற்றோர் இனத்தைத் துடைத்தெறிந்த கதையாக எழுதினர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொல்லியலாளர் பலர் எதிர்முனைக்குச் சென்று, பெரும் இடப்பெயர்வே நடக்கவில்லை என்றனர். 2022இல் வெளியான தொன்மரபணு ஆய்வு, இங்கிலாந்தின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் நடுக்காலத் தொடக்க மக்களின் மரபுவழியில் சராசரியாக 76 விழுக்காடு வடகடலின் அக்கரையிலிருந்து வந்தது எனக் கண்டது. இடப்பெயர்வு உண்மை. கூடவே, வந்தவரும் இருந்தவரும் ஒரே இடுகாடுகளில் புதைக்கப்பட்டிருந்ததும் உண்மை. ஒற்றைக் கதை இரண்டும் உடைந்தன.

அந்த வரலாற்றில் ஒரு சொல் உண்டு. வேல்ஸ் மக்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘அயலார்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பின்னால் வந்தவர், முன்பே இருந்தவரை அயலார் என அழைத்தனர், அழைப்பே நிலைத்தது. யார் அயலார் என்பதை வருகையின் வரிசை தீர்மானிப்பதில்லை, பெயரிடும் அதிகாரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தேவிகுளத்துக்கும் இது பொருந்தும். 1950களின் எல்லை விவாதத்தில், தோட்டத் தொழிலாளர் நிலையற்ற மக்கள், அவர்களுடைய பெரும்பான்மையைக் கணக்கில் கொள்ளலாகாது என்ற வாதம் வலுவாக வைக்கப்பட்டது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து இறந்தவர் நிலையற்றவர் எனப்பட்டனர்.

6. எதிர்வாதத்துக்கு விடை

‘முன்னுரிமை என்ற ஒன்றே இல்லையெனில் உரிமை எதன்மேல் நிற்கும்? பழங்குடியினரின் நிலவுரிமை என்னாகும்?’ என்று கேட்கப்படும். நேர்மையான கேள்வி இது. விடை சட்டத்திலேயே உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரிடம் கேட்பது 2005 டிசம்பர் 13க்கு முன்னர் அவ்வனத்தில் வாழ்ந்ததற்கும் அதைச் சார்ந்திருந்ததற்கும் சான்று. பெருங்கற்காலத்து முன்னோரை அது கேட்கவில்லை. முதுவரின் உரிமை அவர்கள் காட்டோடு வாழ்ந்த வாழ்விலிருந்தும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதிலிருந்தும் எழுகிறது. மதுரையிலிருந்து வந்த கதை அதைக் குறைக்காது. முனியறைகள் அதைக் கூட்டவும் செய்யா. தொன்மையை உரிமையின் அடிப்படையாக்கினால் முதலில் தோற்பவர் எழுத்தாவணம் இல்லாதவரே.

மாநில எல்லைகளை 1956இல் மொழிவழி அமைத்தபோது நிறைவேறிய அதே ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம், 350அ என்னும் உறுப்பையும் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அது. எல்லைக்கோடு மொழியைத் துல்லியமாக வெட்டாது என்பதை அத்திருத்தத்தை எழுதியோர் அறிந்திருந்தனர். கோட்டை நினைவில் வைத்திருக்கும் இரு மாநிலங்களும் உறுப்பை மறந்தன.

2015இல் மூணாறுத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். அவர்கள் தம் இயக்கத்துக்கு இட்ட பெயர் ‘பெம்பிளை ஒருமை’. அது தமிழா, மலையாளமா எனப் பிரிக்க முயல்பவர் தோற்பார். இரு மொழியாரும் தமதென்றே கேட்கும் பெயர் அது. அவர்கள் கேட்டது கூலியும் போனசும். சேரன் தங்கள் பாட்டன் என்று அவர்கள் வாதாடவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தலைமுறைகளாக உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாததால்தான் அவர்கள் அச்சரிவின் அடியில் உறங்கினர். 1950க்கு முன் கேரளத்தில் வாழ்ந்ததற்கு ஆவணம் காட்ட இயலாத தலித் குடும்பங்களின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக இன்றும் அலைகின்றனர். ‘இழந்த நிலம்’ என்று சென்னையிலிருந்து முழங்குவோரும் ‘வந்த கூலிகள்’ என்று திருவனந்தபுரத்திலிருந்து எழுதுவோரும் இச்சான்றிதழுக்கு ஒரு மனுவும் எழுதியதில்லை.

எல்லைப்புறத்தை ஆய்வுக்களமாகக் கொண்டுள்ள மாணவர்கள் செய்யத்தக்கவை எளியவை. ‘பூர்வகுடி’, ‘குடியேறியோர்’ என்ற சொற்களை ஆய்வேட்டில் எழுதுமுன், எந்த நூற்றாண்டை வைத்து, யாருடைய கணக்கில், யாருக்கு எதிராக என்ற மூன்று கேள்விகளைக் கேட்பது. வாழப்பள்ளி, புகழூர் ஆவணங்களை இரு மொழித் துறைகளும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து படிப்பது. இருளரிடமும் முதுவரிடமும் சொற்பட்டியல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பாமல் அம்மொழிகளில் பாடநூல் எழுத உதவுவது. தேவிகுளத்திலும் சித்தூரிலும் தமிழ்வழி வகுப்பு ஒன்று மூடப்படும்போது கருத்தரங்க மேடையில் முசிறியைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல், உறுப்பு 350அ-வைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் செல்வது.